மீனுக்குத் தீனி, செடிக்குப் பட்டினி

வண்ண மீன் கடைகளில் மீன் தீனிக்கென்றே ஓர் அலமாரி இருக்கும். மிதக்கும் தீனி, மூழ்கும் தீனி, நிறம் கூட்டும் தீனி, குஞ்சுகளுக்கான பொடி என்று வகை வகையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதே கடையின் ஒரு மூலையில், சின்னத் தொட்டியிலோ ஈரப் பையிலோ, உயிருள்ள நீர்ச்செடிகளும் விற்பனைக்கு இருக்கும். அவற்றுக்கு என்ன போட வேண்டும் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: ஒன்றும் வேண்டாம், மீன் கழிவே போதும், உரம் போட்டால் பாசி பிடித்துவிடும். இதை நம்பிச் செடி வாங்கிய பலர் ஓரிரு மாதங்களில் அழுகிய தண்டுகளை வாரிப் போட்டுவிட்டு, நமக்குக் கைராசி இல்லை என்று பிளாஸ்டிக் செடிக்கு மாறிவிடுகிறார்கள். கைராசிக்கு இதில் எந்த வேலையும் கிடையாது. பெரும்பாலான செடிகள் பட்டினியால்தான் சாகின்றன. மீன்தொட்டியில் வளர்வதும் பயிர்தான். பயிருக்குரிய ஊட்டத்தை அதற்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பாசிக்குப் பயந்து செடியைப் பட்டினி போடுகிறவர்கள், அந்தப் பாசிக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்பதே என் வாதம்.

‘மீன் கழிவே போதும்’ என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம். 1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் வைத்து, மீனும் செடியும் ஒன்றையொன்று வாழவைக்க முடியும் என்று காட்டினார். சமநிலைத் தொட்டி என்ற எண்ணம் பரவியதில் அந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. அதிலேயே ஒரு சிக்கலும் எழுந்தது. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அவற்றைத் தின்று தீர்க்க நத்தைகளைச் சேர்த்த பிறகுதான் தொட்டி தெளிந்தது. அவர் நிறுவ விரும்பியது ஆக்சிஜனும் கரியமில வாயுவும் கைமாறும் கணக்கை. செடியின் முழுச் சாப்பாட்டுக் கணக்கு அவர் சோதனைக்குள் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதிக் கணக்கை முழுக்கணக்காக எடுத்துக்கொண்டார்கள்.

மீதியை நாம் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் மீன் தீனியில் 40 விழுக்காடு புரதம் இருந்தால், அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 64 மில்லிகிராம். மீனின் உடம்பில் தங்கியது போக மிச்சம் கழிவாக நீரில் சேர்ந்து, நுண்ணுயிரிகளின் உழைப்பால் நைட்ரேட்டாக மாறுகிறது. 100 லிட்டர் தொட்டியில் அன்றாடம் ஒரு கிராம் தீனி போட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் நைட்ரேட் தினமும் கூடும். ஆக, மீன் நிறைந்த தொட்டியில் தழைச்சத்துக்குப் பஞ்சமில்லை, மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) பஞ்சமில்லை. கடைக்காரர் சொல்வதில் இந்தப் பாதி சரி. கோளாறு மறுபாதியில் இருக்கிறது. செடியின் உலர்ந்த திசுவில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை இருக்கும். மீன் தீனியிலோ தழைச்சத்து ஆறு பங்கு என்றால், சாம்பல்சத்து ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். இரும்பின் நிலை இன்னும் மோசம். காரத்தன்மையுள்ள கடின நீரில் அது கரைந்து நிற்காமல் படிவாகி அடியில் இறங்கிவிடும். பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது ஆகக் குறைவாக இருக்கும் சத்துதான் என்று ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் பரப்பிய விதி, வேளாண்மை படித்த எவருக்கும் தெரியும். மீன் கழிவை மட்டும் நம்பிய தொட்டி, அண்டா நிறையச் சோறு இருந்தும் குழம்பு இல்லாத பந்தி. உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மிஞ்சிய சோற்றுக்கு வருகிற விருந்தாளிதான் பாசி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பற்றாக்குறை கரிமத்தில் இருக்கிறது. செடியின் உலர் எடையில் சுமார் 40 விழுக்காடு கரிமம். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரில் அரை மில்லிகிராமை ஒட்டித்தான் கரியமில வாயு கரைந்திருக்கும். அதுவும் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே நீருக்குள் பரவி இலையைச் சேர வேண்டும். ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தாகாஷி அமானோ (1954–2015) உருவாக்கிய நீருக்கடிக் காடுகளின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொட்டி வாங்கியவர்கள் உலகம் முழுவதும் உண்டு. அந்தப் படங்களில் தெரியாத ஒன்று, தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற கரியமில வாயு சிலிண்டர். அது இல்லாமல் அந்தப் பசுமையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதற்காக எல்லா வீட்டுக்கும் சிலிண்டர் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் கடின நீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த செடிகள். நம்மில் பலர் சலித்துக்கொள்ளும் போர் தண்ணீர் அவற்றுக்கு வசதிதான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், இலங்கையிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போன கிரிப்டோகோரைன் வகைகள் ஆகியவை மெதுவாக வளர்வதால் குறைந்த கரிமத்திலும் காலம் தள்ளும். மாறாக, தென்னிந்தியாவையே தாயகமாகக் கொண்ட செந்நிற ரோட்டாலா மக்ரான்ட்ரா, மென்னீரும் கரியமில வாயுவும் கேட்டு அடம்பிடிக்கும். நம் மண்ணின் செடி என்பதற்காக நம் குழாய்த் தண்ணீரை அது ஏற்றுக்கொண்டுவிடாது. ஆகவே படத்தைப் பார்த்துச் செடி வாங்காமல், வீட்டுத் தண்ணீரைப் பார்த்து வாங்குவதுதான் முதல் ஊட்டம்.

இனி, உரம் போட்டால் பாசி வரும் என்ற வலுவான மறுப்புக்கு வருவோம். 1990களின் நடுவில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரு மீன்தொட்டி ஆர்வலர்கள், செடிகளுக்குத் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நுண்ணூட்டங்களும் கொடுத்து, மணிச்சத்தை மட்டும் கொடுக்காமல் விட்டால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். செடிக்கு உணவு வேண்டும் என்று துணிந்து சொன்னவர்கள் என்ற வகையில் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மணிச்சத்தைப் பற்றிய அந்த முடிவு நிற்கவில்லை. அமெரிக்காவின் டாம் பார், லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டும் 2 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பேட்டும் வைத்துக்கொண்டே பாசியில்லாத தொட்டிகளை நடத்திக் காட்டினார். அவர் வகுத்த உரமிடும் முறையை இன்று பல நாடுகளில் ஏராளமானோர் பின்பற்றுகிறார்கள். உரமே பாசிக்குக் காரணம் என்றால் அந்தத் தொட்டிகள் எல்லாம் பச்சைக் குழம்பாகியிருக்க வேண்டும். பாசியைப் பட்டினி போட முடியாது என்பதற்கு அதன் உடலமைப்பே காரணம். நுண்ணிய உயிரணுவுக்கு எடையை ஒப்பிட மேற்பரப்பு மிக அதிகம். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மணிச்சத்து இருந்தாலே அதற்கு வயிறு நிறைந்துவிடும். வீட்டில் நாம் பயன்படுத்தும் சோதனைக் குப்பிகள் அதைவிடப் பல மடங்கு அதிகமான அளவைத்தான் கண்டுபிடிக்கும். குப்பி பூஜ்யம் காட்டும்போதும் பாசி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பட்டினி கிடப்பது செடி மட்டுமே.

அப்படியானால் நம் ஏரிகள் ஏன் பச்சையாகின்றன என்று கேட்கலாம். நல்ல கேள்வி, எளிதாகத் தட்டிக்கழிக்கக் கூடாது. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973இல் ‘ஏரி 226’ என்ற ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கரிமமும் தழைச்சத்தும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தைச் சேர்த்தார்கள். மணிச்சத்து சேர்ந்த பக்கம் பாசியால் பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அந்த ஒளிப்படம் சலவைத்தூள்களில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கே துணைநின்றது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அது திறந்த நீர்ப்பரப்பு. மணிச்சத்துக்குப் போட்டியிட அங்கே அடர்ந்த செடிக்கூட்டம் கிடையாது. ஆழமற்ற ஏரிகளை ஆராய்ந்த நெதர்லாந்து சூழலியலாளர் மார்ட்டன் ஷெஃபர் 1990களில் விளக்கியது இதன் மறுபக்கம். ஒரே அளவு சத்துள்ள ஆழமற்ற ஏரி, செடிகள் நிறைந்து தெளிவாகவும் இருக்கலாம், செடிகள் அழிந்து பாசியால் கலங்கியும் இருக்கலாம். எந்தப் பக்கம் காலூன்றியதோ அந்தப் பக்கமே அது நிலைக்கப் பார்க்கும். வீட்டுத் தொட்டி என்பது ஆக ஆழமற்ற ஏரி. அடர்த்தியாக நட்டு, நன்றாக வளரவிட்ட தொட்டியில் உரம் செடியின் பக்கம் சேரும். நாலு தண்டை நட்டுவிட்டு நாற்பது துளி உரம் ஊற்றினால் ஷிண்ட்லரின் ஏரிதான் வரும். சத்து ஓர் எல்லையைத் தாண்டினால் செடிகள் தோற்கும் என்பதையும் ஷெஃபரின் ஆய்வு சொல்கிறது. ஆகவே உரம் எவ்வளவு போட்டாலும் தகும் என்று நான் வாதிடவில்லை.

பாசியை உண்மையில் அழைத்து வருபவை வேறு. முதல் குற்றவாளி விளக்கு. மலிவாகவும் கண்கூசும் பிரகாசத்திலும் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன, பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று காலை முதல் நள்ளிரவு வரை எரியவிடுகிறோம். எவ்வளவு ஒளியோ அவ்வளவு பசி. கரிமமும் சத்தும் அதற்கு ஈடுகொடுக்காதபோது செடி நின்றுவிடுகிறது, கொஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்த பாசி முந்திவிடுகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். அடுத்தது அழுகும் இலை. வணிகச் செடிப்பண்ணைகளில் பல நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் வந்ததும் அந்தக் காற்றிலைகள் கரைந்துபோய் நீரிலைகள் புதிதாக முளைக்கும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள், ஊட்டம் ஆக அதிகமாகத் தேவைப்படும் வாரத்தில் அதைக் கைவிடுகிறார்கள். அழுகிய இலைகளை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டுக் காத்திருப்பதே சரி. பட்டினிச் செடியில் பாசி படர்ந்த பிறகு கடை சொல்லும் வைத்தியம் ‘டேங்க் கிளீனர்’ என்ற உறிஞ்சி மீன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கெளுத்தி ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாத அளவுக்கு வளர்ந்ததும் ஏரியில் விடுகிறார்கள். தமிழகத்தின் பல நீர்நிலைகளில் மீனவர் வலையில் இன்று அது வந்து சிக்குகிறது. உண்ணவும் ஆகாமல், விற்கவும் முடியாமல், வலையைக் கிழிக்கும் மீன். தொட்டிச் செடிக்குப் போடாத ஒரு சிட்டிகை உர உப்பின் கணக்கு அவ்வளவு தூரம் போய் முடிகிறது.

உரம் ரசாயனம், மீன் செத்துவிடும் என்ற அச்சத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த உரம் என்பதைப் பொறுத்தது. நைட்ரேட் வடிவத் தழைச்சத்தைப் பெரும்பாலான தொட்டி மீன்கள், நாம் செடிக்கு இடும் அளவுக்கு மேலேயும் தாங்கும். அமோனியா அப்படியில்லை. 28 டிகிரி வெப்பத்தில், காரகாடி அளவு (pH) 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே நச்சான அமோனியாவாக இருக்கும். அளவு 8 ஆனால் அது ஆறு பங்கைத் தாண்டும். நம் கடின நீர்த் தொட்டிகள் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் யூரியாவை நினைத்தும் பார்க்கக் கூடாது. உரக்கடையில் முதலில் கைக்குக் கிடைக்கும் 19-19-19 கலவையிலும் யூரியாவும் அம்மோனியமும் இருக்கின்றன. மாடித்தோட்டத்துக்கு நல்லது என்பதற்காக அதை மீன்தொட்டியில் கரைப்பது கொலைக்குச் சமம். இறால் வளர்ப்பவர்கள் நுண்ணூட்டக் கலவையில் செம்பின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனக்குறைவாகத் திறந்துவிட்ட கரியமில வாயு இன்னொரு ஆபத்து. கோடையில் நீரில் ஆக்சிஜன் குறையும் நேரத்தில் அதைக் கூட்டினால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். சிலிண்டர் வைத்திருப்பவர் விளக்கு அணையும்போது அதையும் அடைத்துவிட வேண்டும்.

செலவு என்ற மறுப்புதான் எனக்கு ஆக விந்தையானது. மீன்கடையில் சின்னப் புட்டியில் விற்கும் திரவ உரத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்திருக்கும் உப்புகள் பெரும்பாலும் சொட்டுநீர்ப் பாசன விவசாயி வாங்கும் அதே உப்புகள்: 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்ற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், 0-0-50 என்ற பொட்டாசியம் சல்பேட். மாவட்டத் தலைநகர் எதிலும் உள்ள உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைப்பவை. மீன் நிறைந்த தொட்டிக்கு 0-0-50 போதும், தழைச்சத்தை மீனே தருகிறது. மீன் குறைவாகவும் செடி அதிகமாகவும் இருந்தால், 100 லிட்டருக்கு வாரம் ஒரு கிராம் 13-0-45 இட்டால் லிட்டருக்கு 6 மில்லிகிராம் நைட்ரேட்டும் 4 மில்லிகிராம் அளவுக்குச் சாம்பல்சத்தும் சேரும். அதோடு 0-52-34 கிராமில் பத்தில் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு கிலோ பை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு வரும். தெருவில் உள்ள மீன்தொட்டிக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். இரும்பில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஈ.டி.டி.ஏ. என்ற பிணைப்பில் வரும் மலிவான இரும்பு, காரகாடி அளவு 7ஐத் தாண்டிய நீரில் நெடுநேரம் நிற்காது, டி.டி.பி.ஏ. பிணைப்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். எது குறைகிறது என்பதை இலையே சொல்லும். முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்து, முதிர்ந்த இலையில் ஊசித்துளை விழுந்தால் சாம்பல்சத்து, புதுத் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்தால் இரும்பு. நெல்லையும் வாழையையும் பார்த்து விவசாயிகள் படிக்கிற அதே எழுத்துதான் இது.

உரமே இல்லாமல் வருடக்கணக்கில் செழிக்கும் தொட்டிகள் உண்டே என்று சிலர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டயானா வால்ஸ்டாடைக் காட்டுவார்கள். 1999இல் வந்த அவருடைய நூல், சாதாரணத் தோட்ட மண்ணை அடியில் பரப்பி மேலே சரளை போட்டு வளர்க்கும் முறையைப் பரவலாக்கியது. அது என் கட்சிக்கு வலுச் சேர்ப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த மண்தான் உரம்; அது மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு சிலிண்டரின் வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. வெறும் கழுவிய கூழாங்கல்லில் செடியை நட்டுவிட்டு வால்ஸ்டாட் பெயரைச் சொல்வதில் பொருளில்லை. அதே நேரத்தில், வாரம் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லும் டாம் பார் முறையை அப்படியே இங்கே இறக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற சென்னையில், மீனுக்காக வாரம் ஐம்பது லிட்டரைக் கொட்டு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஒளியைக் குறைத்து, உரத்தையும் அதற்கேற்பக் குறைத்தால் தண்ணீர் மாற்றமும் குறையும். மாற்றும் தண்ணீரில் மிஞ்சியிருப்பது செடிக்கு உகந்த சத்துதான். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால் ஒரு சொட்டும் வீணில்லை.

ஊட்டம் கிடைத்த செடி வளரும், வளர்ந்ததை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டியதை எங்கே போடுகிறோம் என்பது வீட்டோடு நிற்கும் விஷயமாக இருக்காது. நம் குளங்களில் எளிய செடியாக இருக்கும் ஹைட்ரில்லா, 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகம் வழியாக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே ஆறுகளையும் ஏரிகளையும் அடைத்துக்கொண்டது. அதைக் கட்டுப்படுத்த இன்றும் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடுகிறார்கள். 2020இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டி வாய்க்கால் இளஞ்சிவப்புப் பூக்களால் நிறைந்தபோது கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிச் செடியாகப் பரவிய கபோம்பா. எனவே உரமிடத் தொடங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெட்டிய தண்டுகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து மட்கு உரத்தில் சேருங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். ஏரியிலும் கால்வாயிலும் சாக்கடையிலும் போடாதீர்கள்.